முப்பத்து நான்காம் எண், சின்னான்

கீரனிப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் படிப்பவர்கள் முப்பத்து மூன்று பேர். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் முப்பத்து நான்கு. கடைசிப் பெயர் சின்னான்.

பள்ளி வாசலில் முகம் பார்த்து வருகை எடுக்கும் கருவி வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இருந்தாலும் அழகுமீனா டீச்சர் தினமும் காலையில் கோடு போட்ட நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். "உள்ளேன் அம்மா" என்று பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். கருவிக்குப் பறவைகளின் முகம் தெரியாது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

கடைசிப் பெயர் வந்ததும் வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பும். வெளியே பள்ளித் தோட்டம். அதைத் தோட்டம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். குரோட்டன்ஸ் கிடையாது, புல்தரை கிடையாது. சூரை, களா, காரை, பூலா, சங்கஞ்செடி என்று ஒரே புதர்மயம். பிள்ளைகளின் சீருடையைக் கிழிக்காத செடி அதில் பூலா ஒன்றுதான். ஆனால் வருடத்தில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து நட்டது.

"சின்னான்?"

ஐந்து எண்ணும் வரை பார்ப்பார்கள். பிறகு வகுப்புத் தலைவி கயல்விழி எழுந்து, "வரல டீச்சர்" என்பாள். டீச்சர் அந்தக் கட்டத்தில் ஒரு சுழி போடுவாள். வந்தால் சாய்கோடு, வராவிட்டால் சுழி. நான்கு வருடமாகச் சுழிதான்.

"மீனா டீச்சர், சொல்லாம கொள்ளாம ஒரு மாசம் வரலன்னாலே பேரை எடுத்துருவோம்" என்பார் தலைமையாசிரியர் சேவியர். "இவன் நாலு வருஷமா வரல. பாஸும் ஆகாம ஏழாங் கிளாஸ்லயே கெடக்கான். டி.சி. எழுதி விட்டுருங்க."

"அதை வாங்கவாவது வரட்டும் சார்."

காலாண்டுத் தேர்வு முடிந்து ஆய்வுக்கு ஆள் வந்தபோது அதே சேவியர் சார் குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு கோடு போட்டு வைங்க டீச்சர், யாரு வந்து கேக்கப் போறா" என்று சொல்லிப் பார்த்தார். அழகுமீனா மறுத்துவிட்டாள். "கண்ணால பாக்காததை இந்த நோட்டுல எழுதக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன் சார்." பிள்ளைகள் முப்பத்து மூன்று பேரும் அதை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தடுத்து வந்த இரண்டு கோடைகளில் அந்தப் பக்கத்துப் பறவைகள் போய்ச் சேர்ந்தன. அதற்கு இருபது வருடம் ஆகிவிட்டது. வெயில் பாதி, வெட்டுக்கிளிக்கு அடித்த மருந்து பாதி. இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சின்னானைப் பார்த்ததில்லை. கருப்புக் கொண்டை, வாலுக்கடியில் சிவப்பு, மைனாவைவிடச் சின்னது என்று படம் வரைந்துதான் தெரியும்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம் பறவை மீட்பு நிலையத்திலிருந்து நஸ்ரின் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, முள் கிழித்த கையைத் துடைத்துக்கொண்டே வகுப்பில் வந்து நின்றாள்.

"பன்னெண்டு சின்னானை உங்க கண்மாய்க்கரையில விடப்போறோம். பழம் இருக்கற எடம் இந்தச் சுத்துவட்டாரத்துல உங்க பள்ளிக்கூடம் மட்டும்தான். வந்தா இங்கதான் வரணும்."

"பன்னெண்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் கயல்விழி.

"பழைய சின்னானோட ஒறைய வச்ச உயிர்ச் செல்லுலேர்ந்து முட்டை. முட்டையைப் பெட்டியில வச்சுப் பொரிச்சாச்சு. அதுல ஒரு சங்கடம். குஞ்சைப் பொரிக்கலாம், பாட்டைப் பொரிக்க முடியாது. பொறந்த பத்தாம் நாள்லேர்ந்து அறுபதாம் நாள் வரைக்கும் காதுல என்ன விழுதோ அதுதான் அதுக்குப் பாட்டு. அப்பன் பாடணும், குஞ்சு கேக்கணும். இதுகளுக்கு அப்பன் இல்ல. அதனால பெட்டி பாடுச்சு."

"பெட்டிக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"பறவைங்க அழிஞ்சுக்கிட்டு இருந்தப்பவே மாவட்டத்துக்கு ஒருத்தர் போயி குரலைப் பதிவு பண்ணி வச்சாங்க. ஊருக்கு ஊரு பாட்டு கொஞ்சம் மாறும். இந்த மாவட்டத்துக்குப் பதிவு பண்ணினவர் பேரு..." என்று கையிலிருந்த தொடுதிரையைப் பார்த்தாள்.

"இளம்பரிதி" என்றாள் அழகுமீனா. "எங்க வீட்டுக்காரர். தவறி ஆறு வருஷம் ஆச்சு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது. அழகுமீனாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள். சூரை கருத்துப் பழுத்திருந்தது. முப்பத்து மூன்று பேரும் உள்ளேன் சொல்லி முடித்தார்கள்.

"சின்னான்?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சூரைப் புதரின் உச்சிக் கிளை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. கருப்புக் கொண்டை. வாலுக்கடியில் சிவப்பு. ஒரு பழத்தை விழுங்கிவிட்டு அது வாய் திறந்து பாடியது.

"உள்ளேன் அம்மா!" என்று வகுப்பே அலறியது. பெஞ்சு ஒன்று சாய்ந்தது. யாரோ அழுதார்கள். கயல்விழி திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் பதினாறு வருடம் அந்தச் சத்தம் அவளுக்கு வாசல் பக்கமிருந்துதான் வந்தது. மூன்று சுரம் மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும், கடைசியில் காற்று சறுக்கி ஒரு மெல்லிய 'ஸ்ஸி'. கல்லூரி நாளில் சோடா மூடியைப் பல்லால் திறக்கிறேன் என்று இளம்பரிதி முன்பல்லின் ஓரத்தை உடைத்துக்கொண்டவன். அந்த ஓட்டை வழியாகத்தான் அந்தச் சறுக்கல் வரும். வேலை முடிந்து கேட்டைத் திறக்கும்போது விசிலடிப்பான். கதவைத் திற என்று அர்த்தம், காப்பி போடு என்றும் அர்த்தம்.

"டீச்சர், கோடு போடுங்க" என்றாள் கயல்விழி.

அவள் கோடு போட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பறவையைப் பார்த்தபடியே போட்டதில் அது பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போயிற்று.

மதிய இடைவேளையில் சோற்று டப்பாவைத் திறக்காமலே தோட்டத்துக்குப் போய் நின்றாள். ஒன்றல்ல, ஆறு பறவைகள். ஆறும் அதே பாட்டு. ஆறிலும் அதே சறுக்கல். அப்போதுதான் அவளுக்கு, அவன் குரல் பதிவுக்கு அலைந்த காலத்தின் ஒரு நாள் ஞாபகம் வந்தது. அவள் தோசைக்கு அரைக்கப் போனாள். "மீனா, அஞ்சு நிமிஷம் மிக்ஸி போடாத, ஃபேனையும் அமத்திரு" என்று சொல்லிவிட்டு அவன் கருவியோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். உள்ளே விசில் சத்தம் கேட்டது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, அவளும் ஐந்து நிமிடம் ஊறின அரிசியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பதிவு செய்ய ஆள் ஒருவர். பதிவு கெடாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். அந்த இன்னொருவர் தான்தான் என்று இருபது வருடம் கழித்து அவளுக்கு விளங்கியது.

மாசி கடைசி வாரத்தில் நஸ்ரின் மறுபடி வந்தாள். இந்த முறை முகம் சரியில்லை. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, கையிலிருந்த கருவியை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு பழைய ஒலிநாடா கெடைச்சிருக்கு டீச்சர். போன நூற்றாண்டுல இந்தப் பக்கத்து விவசாயி ஒருத்தர்கிட்ட கடலைச் சாகுபடி பத்திப் பேட்டி எடுத்திருக்காங்க. அவர் பேசறதுக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷம் நெசமான சின்னான் பாடுது. நம்ம பறவைங்க பாட்டையும் அதையும் வச்சுப் பாத்தா நூத்துக்கு அறுபத்தொண்ணுதான் பொருந்துது. எம்பது இருக்கணும்."

"இல்லாட்டி?"

"பிழைப்பாட்டுன்னு எழுதுவாங்க. வலை போட்டுப் பன்னெண்டையும் புடிச்சுக் கூண்டுல வைக்கணும். தப்புப் பாட்டு குஞ்சுக்குப் போயிருச்சுன்னா அப்புறம் சரியான பாட்டு எந்தக் காலத்துலயும் வராது."

சேவியர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நாலு வருஷம் ஆப்சென்ட்டு. இப்பத்தான் ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கான். அதுக்குள்ள பாட்டு சரியில்லன்னு சஸ்பெண்டா?"

நஸ்ரின் சிரிக்கவில்லை. "ஒரு வழி இருக்கு சார். டீச்சர், உங்க வீட்டுக்காரரோட குறிப்பு நோட்டு இருக்கா? எந்த எடம், எத்தனை மணின்னு அவர் கைப்பட எழுதியிருந்தா போதும். பறவையே அப்படித்தான் பாடியிருக்கு, இது இந்த ஊரு வழக்குன்னு நான் எழுதிருவேன். யாரும் வலை எடுக்க மாட்டாங்க."

"நாளைக்குத் தரேன்" என்றாள் அழகுமீனா.

நோட்டு பீரோவில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒழுங்கான சின்ன எழுத்து. நார்த்தாமலை, காலை ஐந்தரை: இல்லை. குடுமியான்மலை, மாலை நான்கு: இல்லை. கண்மாய்க்கரை: இல்லை. நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு இல்லை. கடைசி வரியில் மட்டும் வேறு எழுதியிருந்தான்: 'பதிவுப் பாரத்தில் மூன்று நிமிடக் குரல் கேட்கிறார்கள். இல்லை என்று எழுதக் கட்டம் இல்லை. அனுப்பாவிட்டால் இந்த மாவட்டத்துக்குப் பறவையே ஒதுக்க மாட்டார்களாம்.'

அதற்குக் கீழே தாள் காலியாக இருந்தது. அவன் நோட்டில் பொய் எழுதவில்லை. பொய்யை விசிலாக அடித்துவிட்டு நோட்டை மூடியிருக்கிறான்.

அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டு, முந்தின பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும். நார்த்தாமலை, காலை ஆறு பத்து, இரண்டு பறவை. அவள் கையெழுத்துக்கும் அவன் கையெழுத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரேஷன் பாரம் முதற்கொண்டு ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்தவர்கள்தான். பறவைகள் தோட்டத்தில் இருக்கும். அவன் பெயர் கெடாது. தினமும் காலையில் அந்த விசில் வரும். பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மூடினாள். நாளைக்குக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வருகை எடுத்தபோது சின்னான் பெயருக்கு ஜன்னல் பக்கம் ஒன்றும் தென்படவில்லை. எங்கோ புதருக்குள்ளிருந்து விசில் மட்டும் கேட்டது.

"டீச்சர், சத்தம் வருது, ஆளைக் காணோம்" என்றாள் கயல்விழி. "கோடா, சுழியா?"

"நீயே சொல்லு."

கயல்விழி கழுத்தை நீட்டி இன்னொரு முறை தேடினாள். கோடு போட அவளுக்கு எவ்வளவு ஆசை என்று முகத்தில் தெரிந்தது. "கண்ணால பாக்கல டீச்சர். சுழி போடுங்க."

அழகுமீனா சுழி போட்டாள். பையிலிருந்த நோட்டில் இனி எதையும் எழுத முடியாது என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

நஸ்ரின் வந்ததும் தோட்டத்துக்கு அழைத்துப்போய் நோட்டைக் கொடுத்தாள். அவள் கடைசி வரியைப் படித்து நிமிரும்வரை காத்திருந்து, தன் கைப்பேசியை எடுத்தாள். அதில் பழைய செய்தி ஒன்று அழியாமல் இருந்தது. 'மீனா, வர லேட்டாகும், சாப்பிட்டுரு' என்ற குரல். அதன் முடிவில், பழக்கதோஷமாக, அந்த விசில்.

நஸ்ரின் கருவியை நீட்டினாள். பறவைகளின் பாட்டோடு பொருத்திப் பார்த்த எண் ஓடித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

"அல்லாவே" என்றாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. பிறகு, புதர் மேல் உட்கார்ந்து பாடும் பறவையையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "டீச்சர், நீங்க இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"இப்ப நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதும்மா. ஆனா அவர் ஏன் அப்படிச் செஞ்சாருங்கறதையும் எழுது. அந்தப் பாரத்துல இல்லைன்னு எழுதக் கட்டம் இல்ல."

 அந்த நேரம் பார்த்துக் களாப் புதருக்கு அடியிலிருந்து கயல்விழி ஊர்ந்து வெளியே வந்தாள். முழங்கை முழுக்க முள் கீறல். "டீச்சர், காலைல ஏன் கண்ணுல படலன்னு தெரிஞ்சுபோச்சு. வீடு கட்டியிருக்கு! உள்ள ரெண்டு முட்டை, புள்ளி புள்ளியா!"

நஸ்ரின் மண்டியிட்டுப் பார்த்தாள். நாரும் வேரும் வைத்துப் பின்னிய சின்னக் கிண்ணம். எழுந்தபோது அவள் பேச்சு மாறியிருந்தது.

"ஒரு பொட்டைப் பறவை இந்தப் பாட்டைக் கேட்டு, பரவால்லன்னு வந்து சேந்திருக்கு பாருங்க. இப்ப வலை போட எனக்கு மனசு வரல. விதியிலயும் ஒரு எடம் இருக்கு. கூட்டுல முட்டை இருந்தா, அந்தக் குஞ்சுங்க பாடற வரைக்கும் தள்ளிப் போடலாம். குஞ்சுங்க பாட்டு எம்பதைத் தொட்டுருச்சுன்னா பெருசுங்களையும் விட்டுருவாங்க. தொடலன்னா எல்லாமே கூண்டுக்கு."

"அப்பன் பாட்டைத்தானே அதுங்க படிக்கும்?"

"பக்கத்துல பெட்டி வைப்போம். அந்தப் பழைய நாடாவைச் சுத்தம் பண்ணித் தரேன். அப்பனைவிடச் சத்தமா, தினமும் நேரம் தவறாம பாடினா குஞ்சுங்க பெட்டிப் பக்கம் சாயும்." நஸ்ரின் தயங்கினாள். "காலைல அஞ்சே முக்காலுக்கு ஒருத்தர் வந்து பெட்டியைப் போடணும், சாயங்காலம் அமத்தணும். அதை உங்ககிட்ட கேக்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு டீச்சர். வேற யாரையாவது..."

"வேற யாரும் வேணாம். நானே போடறேன்."

அன்று அவளே ஒப்புக்கொண்ட வேலை அதுதான்: கணவனுடைய விசில் அந்த ஊரிலிருந்து மறைய வேண்டும் என்பதற்காகத் தினமும் காலையில் எழுந்து போவது.

முட்டை பொரிந்த ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. எவ்வளவு சுத்தம் செய்தும் பாட்டுக்கு அடியில் அந்த விவசாயியின் பேச்சு புகை மாதிரி ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. "டீச்சர், நம்ம குஞ்சு பெருசாகிக் கடலைக்கு ஜிப்சம் போடச் சொல்லுமா?" என்று ஒருவன் கேட்க, அன்றைய பாடம் அத்தோடு கெட்டது.

பங்குனி, சித்திரை. தேர்வு முடிந்து பள்ளி மூடியது. அழகுமீனா தினமும் இருட்டுப் பிரியும் நேரத்தில் சைக்கிளில் வந்து பெட்டியைப் போட்டாள். பெட்டியிலிருந்து வந்த நிஜச் சின்னானின் பாட்டு நன்றாகத்தான் இருந்தது; மணிமணியாக, எங்கும் தடுக்காமல். குஞ்சுகள் இரண்டும் கூட்டை விட்டு இறங்கிக் காரைச் செடியின் கிளையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து அதைக் கேட்டன. அப்பன் பறவை சற்றுத் தள்ளி, போட்டிக்குப் பாடுவதுபோல் தன் விசிலை அடித்துக்கொண்டிருந்தது. அழகுமீனா பெட்டியின் சத்தத்தை ஒரு படி ஏற்றுவாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

மே பதினேழாம் தேதி இளம்பரிதி இறந்துபோன நாள். அன்றும் வந்தாள். பெட்டிமேல் கை வைத்தாள். போடவில்லை. களாப் புதருக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். பெட்டி பாடாததால் தோட்டம் முழுக்க அந்த ஒரே விசில்தான். மூன்று ஏறி, ஒன்று இறங்கி, சறுக்கி. குஞ்சுகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. வெயில் ஏறும்வரை அவளும் கேட்டாள். எழுந்து போகும்போது விடுமுறைக் குறிப்பு நோட்டை எடுத்து எழுதினாள்: 'மே 17. பெட்டி போடவில்லை.'

மறுநாளிலிருந்து வழக்கம்போல் போட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. கயல்விழி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனாலும் முதல் வேலையாக வந்து விடுமுறைக் குறிப்புகளைப் புரட்டினாள்.

"மே பதினேழு ஏன் டீச்சர் போடல?"

"அன்னைக்கு எனக்கு விடுப்பு."

கயல்விழி தாளைப் புரட்டி அடுத்த தேதிக்குப் போனாள்.

ஆடி பிறந்து களா பழுத்தபோது நஸ்ரின் வந்தாள். குஞ்சுகள் என்று இனிச் சொல்ல முடியாது. கொண்டை கட்டி வாலும் வளர்ந்துவிட்டது. போன வாரமெல்லாம் அவை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தன. ஒழுங்கான பாட்டு இன்னும் வரவில்லை. பெட்டியை அமர்த்திவிட்டு, வருகை எடுக்கும் நேரத்துக்கு நஸ்ரின் ஜன்னலோரம் கருவியோடு நின்றாள். சேவியர் சார் தன் அறையை விட்டுவிட்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டார். எட்டாம் வகுப்பிலிருந்து கயல்விழி எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

புதிய ஏழாம் வகுப்பிலும் முப்பத்து மூன்று பேர்தான். கடைசிப் பெயர் வந்தது.

"சின்னான்?"

ஒன்று, இரண்டு, மூன்று.

களாப் புதர் மேல் இளம் பறவை ஒன்று வந்து உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பாடியது. மணிமணியாக வந்தது பாட்டு. நாடாவில் இருந்த அதே பாட்டு, தடுக்காமல், பிசிறில்லாமல். அழகுமீனா நோட்டின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது, பிழைத்தார்கள் என்று நினைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்றும் நினைத்தாள்.

பாட்டு முடியும் இடத்தில் காற்று சறுக்கி ஒரு மெல்லிய 'ஸ்ஸி' வந்தது.

 பறவை இன்னொரு முறை பாடியது. மறுபடியும் அதே இடத்தில் அதே சறுக்கல். பக்கத்துக் கிளையிலிருந்து அதன் கூடப் பிறந்தது பதில் சொன்னது. அதற்கும் கடைசியில் சறுக்கியது.

நஸ்ரின் கருவியைப் பார்த்தாள். "எம்பத்து மூணு" என்றாள்.

"அந்தக் கடைசிச் சத்தம்?" என்றார் சேவியர் சார்.

நஸ்ரின் பாரத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினாள். "அதை எழுத இதுல கட்டம் இல்ல சார்."

ஐந்து எண்ணியாகிவிட்டது. புதிய வகுப்புத் தலைவன் என்ன சொல்வதென்று தெரியாமல் கயல்விழியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அழகுமீனா முப்பத்து நான்காம் கட்டத்தில் ஒரு சாய்கோடு போட்டாள். இந்த முறை அது கட்டத்துக்கு உள்ளேயே நின்றது.